இருமுறை விடைபெற்ற சம்பந்தி

ஷென்யாங்
9 மார்ச் 2019

திரு. லுவான் தெஷுன் அவர்களுக்கு,

1. 1 மே 2018. என் மகள் நிங்குக்கும் உங்கள் மகன் ஹாய்போவுக்கும் திருமணம். விருந்தில் நான் ஆற்றிய வாழ்த்துரையில் இரண்டு நகைச்சுவைகள் இருந்தன. கல்லூரியில் வெப்பப் பொறியியல் கற்பிக்கும் ஒருவனுக்கு நகைச்சுவை தானாக வருவதில்லை, உழைத்து எழுதினேன். மண்டபம் முழுவதும் சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. இழுத்துச் சாத்திய கடைக் கதவுபோல் இருந்தது உங்கள் முகம்.

2. அதே நாள். யந்தாய் துறைமுகத்தில் கப்பல் புறப்பாடுகளை அறிவித்தே ஓய்வுபெற்றவர் நீங்கள். அலை இரைச்சலைத் தாண்டிக் கேட்ட குரல் என்று உங்கள் மகனே எங்களிடம் பெருமைப்பட்டிருக்கிறார். அந்தக் குரலால் மணமக்களை வாழ்த்தும்படி கேட்டோம். ஒலிவாங்கி கையில் இருந்தும் முதல் மேசைக்கு ஒரு சொல்கூட வந்து சேரவில்லை.

3. 5 அக்டோபர் 2018. விடுமுறைக்கு எங்கள் வீட்டில் தங்கியிருந்து ஊர் திரும்பிய நாள். வந்திறங்குகிறவருக்கு நூடுல்ஸும் புறப்படுகிறவருக்குக் கொழுக்கட்டையும் படைப்பது உங்கள் ஊரிலும் எங்கள் ஊரிலும் ஒன்றுதான். என் மனைவி பெய்ஜென் விடியுமுன் எழுந்து பன்றி இறைச்சியும் இறாலும் பொதிந்து செய்தாள். உண்டீர்கள். பிறகு எங்கள் வாசற்படியில் ஒரு காலை எடுத்து வைக்க மறுத்து, ஆணி அடித்தாற்போல் நின்றீர்கள். எதிர்வீட்டு ஷி அம்மாள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தாள். “சம்பந்தி ஏன் கோவிச்சுக்கிட்டு நிக்கிறாரு? கவனிப்புல ஏதும் குறையா?” என்று மறுநாள் என் மனைவியிடம் கேட்டாள்.

4. 20 பிப்ரவரி 2019. பேத்தி தோதோவுக்கு ஒரு மாதம் நிறைந்த விருந்து. குழந்தையை உங்கள் கையில் கொடுக்க வந்தபோது இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டு, சளி என்றீர்கள். அந்த விருந்தில் நீங்கள் ஒரு முறைகூடத் தும்மவில்லை. நான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

5. 22 பிப்ரவரி 2019. மீண்டும் விடைபெறல், மீண்டும் கொழுக்கட்டை, மீண்டும் அதே நிற்றல். இம்முறை ரயில் நிலைய நுழைவாயிலில். பின்னால் வரிசையில் நின்றவர்கள் உங்களை விட்டுவிட்டு என்னைத் திட்டினார்கள்.

6. 3 மார்ச் 2019. நன்றிக் கடிதம் என்ற பெயரில் ஒரு தாள் வந்தது. முதல் வரியைப் படிக்க முடிந்தது. அதன்பின் எழுத்து சுருங்கிச் சுருங்கி, இறுதி வரி எறும்பு மிதித்த தடம்போல் முடிந்தது. எங்களுக்காக மை செலவழிக்க மனமில்லையென்றால் எழுதாமலே இருந்திருக்கலாம்.

வந்திறங்கும் நாள்களில் நீங்கள் இப்படி இருப்பதில்லை. நூடுல்ஸ் கிண்ணத்தோடு கதை சொல்லிச் சிரிக்க வைக்கிறீர்கள். எங்களோடு சில நாள் வாழ்ந்த பிறகே உங்களுக்குக் கசந்துபோகிறது என்று இதிலிருந்து கொள்கிறேன். தொலைபேசியில் பேச விரும்பவில்லை. பேச்சு காற்றோடு போய்விடும். எங்களிடம் என்ன குறை கண்டீர்கள் என்பதை எழுத்தில் அறிய எனக்கு உரிமை உண்டு.

கெங் ஹொங்ரு

*

யந்தாய்
15 மார்ச் 2019

கோபக்காரச் சம்பந்திக்கு,

இதை என் மனைவி குய்லான் எழுதுகிறாள், நான் சொல்லச் சொல்ல. ஆகவே எழுத்து பெரிதாக இருக்கும். நடுவில் அவள் தானாகச் சேர்க்கும் எதற்கும் நான் பொறுப்பல்ல.

உங்கள் ஆறு குற்றச்சாட்டுகளையும் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஆறும் உண்மை. ஆறையும் செய்தது நான்தான், ஆனால் என்னைக் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. எனக்குப் பார்கின்சன் நோய். கல்யாணத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் டாக்டர் சொன்னார்.

முகத்துத் தசைகள் சொன்னபடி அசையாது. உங்கள் இரண்டாவது நகைச்சுவைக்கு, அதுதான் கொதிகலனும் மாமியாரும், நான் உள்ளே விழுந்து விழுந்து சிரித்தேன் சம்பந்தி. செய்தி முகத்துக்குப் போய்ச் சேரவில்லை. குரல் இறங்கிவிடும். எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். வாசற்படி, நுழைவாயில் மாதிரி ஏதாவது குறுக்கே வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். வலது கை தன் பாட்டுக்குத் தாளம் போடும். அதைத்தான் பைக்குள் ஒளித்து வைத்தேன்.

மருந்து இருக்கிறது. லெவோடோபா என்று பேர். அது வேலை செய்யும் நேரத்தில் நான் பழைய ஆள். இருட்டில் தடவிக்கொண்டிருந்த வீட்டுக்குக் கரண்ட் வந்த மாதிரி இருக்கும். கல்யாணத்தன்று அதை விழுங்கவில்லை. புதிதில் குமட்டிக்கொண்டு வரும். உங்கள் மகளின் சிவப்பு உடுப்பில் வாந்தி எடுத்த மாமனார் என்ற பெயர் வேண்டாமென்று விட்டுவிட்டேன். இப்போது குமட்டல் இல்லை. ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். யந்தாயில் பெரும்பாலும் சொன்னபடி கேட்கிறது. உங்கள் ஊரில், அதுவும் புறப்படும் நாளில்தான், கைவிட்டுவிடுகிறது. ஏனென்று தெரியவில்லை.

(இவர அனுப்ப உங்க ஊருக்கு மனசில்ல, அதான் காலப் புடிச்சுக்குதுன்னு நான் சொல்வேன். – குய்லான்)

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். பெண் கொடுக்கிறவர்கள் பையன் வீட்டில் என்ன நோய் என்று விசாரிப்பது எல்லா ஊரிலும் உண்டு. ஹாய்போவுக்கும் தெரியாது. தெரிந்தால் ஷென்யாங் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துகொள்வான். கல்யாணம் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அப்புறம் சொல்ல ஒரு நல்ல நாள் வரவே இல்லை.

அடுத்த மாதம் வரும் தோதோவின் நூறாம் நாள் விருந்துக்கு நான் வரவில்லை. குழந்தையை யாராவது என் கையில் கொடுக்கப் பார்ப்பார்கள். மறுபடி சளி என்று சொன்னால் யார் நம்புவார்கள்? வாங்கி, கை நழுவினால்? குய்லான் மட்டும் வருவாள். எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள், போதும்.

(போதும்னு சொல்ற ஆளப் பாருங்க. மாச விருந்து முடிஞ்ச ராத்திரி, “அது என்ன எடை இருக்கும்?”னு என்ன கேட்டாரு. தூக்காத புள்ளயோட எடைய. – குய்லான்)

அந்த வரியை அடித்துவிடச் சொன்னேன். அடிக்க மாட்டேன் என்கிறாள்.

உங்கள்,
லுவான் தெஷுன்

*

ஷென்யாங்
24 மார்ச் 2019

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் விளக்கம் கிடைத்தது. முதல் கடிதத்தில் நான் சுமத்திய ஆறு குற்றச்சாட்டுகளையும் திரும்பப் பெறுகிறேன். அவற்றின் இடத்தில் ஒரே ஒரு குற்றச்சாட்டை வைக்கிறேன். அது அந்த ஆறையும்விடக் கனமானது.

ஒரு மனிதரின் நரம்பு நோய்க்காக மகள் விரும்பிய திருமணத்தை நிறுத்தக்கூடியவன் நான் என்று, என்னை ஒரு வேளை உணவுக்குக்கூடச் சந்திக்குமுன்னரே நீங்கள் தீர்மானித்துவிட்டீர்கள். நான் தாராளமாக நடந்துகொண்டிருப்பேனா என்பது எனக்கே தெரியாது. ஆனால் நடந்துகொள்வதற்கான வாய்ப்பு எனக்கு உரியது. அதை நீங்கள் என்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டீர்கள். இதை எளிதில் மறப்பேன் என்று எண்ண வேண்டாம்.

நிற்க. காரணம் தெரியாத ஒன்றை அப்படியே விட்டுவைப்பது என் தொழிலுக்கு ஒவ்வாது. வந்திறங்கும் நாளில் ஓடும் இயந்திரம் புறப்படும் நாளில் நின்றுபோனால், இடையில் உள்ளே செலுத்தப்பட்டது என்ன என்றுதான் முதலில் கேட்க வேண்டும். கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் பார்க்கும் டாக்டர் ஷியேயிடம் போனேன். ஒரு நண்பருக்காகக் கேட்கிறேன் என்றேன். அப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார் போலும். என் விரல்களைத் தட்டச் சொன்னார். மணிக்கட்டை முறுக்கிப் பார்த்தார். நடைக்கூடத்தில் போய்த் திரும்பச் சொன்னார். மிகுந்த ஆத்திரத்துடன் நடந்தேன். நடை விறைப்பாகவும் வேகமாகவும் இருப்பதாகக் குறித்துக்கொண்டார். நண்பர் யந்தாயில் இருக்கிறார் என்பதை அவர் நம்புவதற்குள் என் சட்டைக் கைகள் முழங்கைவரை ஏறியிருந்தன.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். மாத்திரையை எதனுடன் விழுங்குகிறார்?

விடை எனக்குத் தெரியும். அக்டோபரிலும் பிப்ரவரியிலும் நீங்கள் என் கண்ணெதிரே, வயிற்றுக்கு மாத்திரை என்று சொல்லி, இரண்டு கொழுக்கட்டைகளுக்கு நடுவே அதை விழுங்கினீர்கள். டாக்டர் ஷியே சிரித்துவிட்டார். இறைச்சியிலும் இறாலிலும் உள்ள புரதமும் உங்கள் மருந்தும் குடலில் ஒரே வழியாகத்தான் இரத்தத்துக்குள் நுழைய வேண்டுமாம். இறைச்சி பெருங்கூட்டமாக வந்து வாயிலை அடைத்துக்கொண்டால், மருந்து வெளியே வரிசையில் நிற்கும். மருந்து நின்றால் நீங்கள் நிற்பீர்கள். எல்லாருக்கும் இந்த அளவில் நேர்வதில்லை, சிலருக்கு நன்றாகவே நேரும் என்றார். வந்திறங்கும் நாளில் என் மனைவி உங்களுக்குத் தருவது முட்டைக்கோஸும் தக்காளியும் போட்ட வெறும் நூடுல்ஸ். அதற்கு வாயிலை அடைக்கும் பலமில்லை. மாத விருந்தில் நீங்கள் அமர்ந்திருந்த மேசையில் என்னென்ன இறைச்சி இருந்தது என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

ஆக, உங்களை என் வாசற்படியில் ஆணியடித்தது என் வீட்டு உபசாரம். இதைப் பெய்ஜென்னிடம் சொன்னேன். மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு, “என் கையால சாப்பிட்டா மருந்து வேலை செய்யாதாமா? நல்லாயிருக்கே கதை. அவர் வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வெறும் கஞ்சி வச்சிருக்க மாட்டேனா?” என்றாள். பிறகு அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. நோய் உங்களுடையது, மௌனம் எனக்கு வந்தது.

என் சொல்லை நம்பி மாத்திரையின் அளவையோ நேரத்தையோ நீங்களாக மாற்றக் கூடாது. உங்கள் டாக்டரிடம் போங்கள். அவர் சொல்வதை எழுதுங்கள். விருந்துக்கு வரவில்லை என்ற உங்கள் முடிவை நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கெங் ஹொங்ரு

*

யந்தாய்
8 ஏப்ரல் 2019

பொறியியல் சம்பந்திக்கு,

எங்கள் டாக்டரிடம் போனேன். உங்கள் டாக்டர் சொன்னதையே சொன்னார். கூடவே, “இதை முதல் நாளே உங்களிடம் சொன்னேனே,” என்றார். சொல்லியிருப்பார். அன்றைக்கு நோயின் பெயரைக் கேட்ட பிறகு வேறெதுவும் என் காதில் ஏறவில்லை. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு நன்றாக முன்னால் தண்ணீரோடு விழுங்க வேண்டும். மீன், கறி, முட்டையெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒதுக்கிப் பார்க்கலாம் என்றார். அளவை மாற்றவில்லை.

குய்லான் இதைச் சும்மா விடவில்லை. சோதித்துப் பார்த்தாக வேண்டும் என்று தினமும் காலையில் என்னை ஊருக்கு அனுப்புகிறாள். கோட்டு, தொப்பி, கையில் பெட்டி. வாசலில் நின்று கையசைக்கிறாள். நான் பஸ் நிறுத்தம்வரை போய்த் திரும்ப வேண்டும்.

முதல் நாள் வேண்டுமென்றே கொழுக்கட்டையோடு மாத்திரை. அடுக்ககத்து இரும்புக் கதவில் ஒட்டிக்கொண்டேன். நண்டு வாங்கிக்கொண்டு வந்த கீழ்வீட்டு ச்சூ, “என்ன லுவான் அண்ணே, கப்பல் லேட்டா?” என்று கேட்டுவிட்டுப் போனான். மறுநாள் மாத்திரை முதலில், அப்புறம் சாவகாசமாக நூடுல்ஸ். இரும்புக் கதவைக் கடந்ததே தெரியவில்லை. பஸ் நிறுத்தம் வந்தது. பஸ்ஸும் வந்தது. கால் இவ்வளவு ஒழுங்காக இருக்கும்போது திரும்பிப் போக மனம் வரவில்லை சம்பந்தி. ஏறிவிட்டேன். கடற்கரையில் இறங்கிப் பெட்டியோடு உலாத்தினேன். வேலையிலிருந்து நின்றபின் முதல் முறையாக வாயைத் திறந்து, தாலியான் போகும் கப்பலை அறிவித்தேன். குரல் வந்தது. அங்கே உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் எழுந்து மூட்டையை எடுத்துக்கொண்டார்.

(மத்தியானம் வரைக்கும் ஆளக் காணும். ஊருக்கு அனுப்பி வெளயாடப் போயி நெசமாவே ஊருக்குப் போயிட்டாருன்னு பயந்துட்டேன். – குய்லான்)

அடுத்த பயிற்சி குழந்தை தூக்குவது. மாவு மூட்டை ஒன்றைப் போர்வையில் சுற்றிக் கொடுத்தாள். மருந்து வேலை செய்யும்போது அதை அணைத்துக்கொண்டு வீடெல்லாம் நடக்கிறேன். கீழே போட்டதில்லை. மருந்தின் வீரியம் இறங்கும்போது கை எனக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறது, குய்லானிடம் கொடுத்துவிடுகிறேன்.

இதையெல்லாம் கேட்டு நான் வருகிறேன் என்று நினைக்காதீர்கள். மாவு மூட்டைக்கு அம்மா கிடையாது, பார்த்துக்கொண்டிருக்க உறவுக்காரர்கள் கிடையாது. வந்தால் இரண்டு நிபந்தனை. ஒன்று, ஹாய்போவுக்குத் தெரியக் கூடாது. இரண்டு, புறப்படும்போது கொழுக்கட்டை வேண்டாம். ஆனால் கொழுக்கட்டை இல்லாமல் ஒருவரை வழியனுப்புவதா? சம்பந்தியம்மாவிடம் இதை எந்த வாயால் கேட்பேன்? அவர்கள் முகத்தில் அடித்த மாதிரி ஆகும். யோசித்துப் பார்த்தால் வராமல் இருப்பதே எல்லாருக்கும் சுலபம்.

தெஷுன்

*

ஷென்யாங்
14 ஏப்ரல் 2019

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் இரண்டு நிபந்தனைகள் குறித்து.

முதலாவதை ஏற்கிறேன், ஆனால் அரைவாசி. என் வாயிலிருந்து ஒரு சொல்லும் உங்கள் மகனுக்குப் போகாது. அவரிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள். மகன் தன் வேலையை என்ன செய்வான் என்பதை மகன் அறியுமுன்பே முடிவு செய்வது, என் விஷயத்தில் நீங்கள் செய்த அதே காரியம். உங்களுக்கு இது ஒரு பழக்கமாகிவருகிறது என்று அஞ்சுகிறேன்.

இரண்டாவது நிபந்தனையைப் பெய்ஜென்னிடம் தெரிவித்தேன். கொழுக்கட்டை இல்லாத வழியனுப்பல் அவள் உயிரோடிருக்கும்வரை இந்த வீட்டில் நடக்காது என்றாள். இறைச்சியில்லாமல் பொதிந்தால் என்ன என்று கேட்ட குற்றத்துக்காக, சேமியா போன்ற கண்ணாடி நூடுல்ஸும் காரட்டும், காளானும் முட்டைக்கோஸும், முள்ளங்கி மட்டும் என்று ஒரு வாரமாக அவள் வைத்த மாதிரிகளையெல்லாம் நானே உண்டு வருகிறேன். எதிலும் அவளுக்குத் திருப்தியில்லை. சம்பந்திக்கு முள்ளங்கியைப் பொதிந்து அனுப்பினால் ஷி அம்மாள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்கிறாள்.

நேற்று அவளே ஒரு தீர்ப்பு வழங்கினாள். அதை ஒரு வரி மாறாமல் உங்களுக்கு எழுதும்படி ஆணை.

“கறி ராத்திரிக்குத்தானே ஆகும்? சரி, ராத்திரியே கெளம்பட்டும். ரயிலுக்கு மொத நா ராத்திரி கொழுக்கட்ட சாப்பிட்டு, பெட்டியத் தூக்கிட்டு, எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வாசலத் தாண்டணும். கட்டடத்த ஒரு சுத்து சுத்தணும். திரும்பி வந்து கதவத் தட்டணும். அப்ப அவரு வந்து எறங்குன விருந்தாளி. விடிஞ்சதும் மாத்திரையப் போட்டுக்கிட்டு நூடுல்ஸ் சாப்பிடட்டும். அப்புறம் ரயிலுக்குப் போறது வேற கணக்கு, அது சும்மா போறது.”

இத்தீர்ப்பில் தர்க்கப் பிழை ஏதும் உண்டா என்று நான் இரவு முழுவதும் தேடினேன். கிடைக்கவில்லை. வழக்கமும் காப்பாற்றப்படுகிறது, உங்கள் குடலும் காப்பாற்றப்படுகிறது. அடுக்ககத்தைச் சுற்றும்போது முறைப்படி நடக்கிறதா என்று மேற்பார்வையிட நானும் உடன் வருவேன்.

குழந்தையைத் தூக்குவது குறித்து: எந்நேரம் தூக்கலாம், எந்நேரம் கூடாது என்பதை உங்கள் கை உங்களுக்குச் சொல்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். என் கைக்கு அவ்வளவு அறிவு கிடையாது. ஆயினும் குழந்தையை என்னிடம் கொடுக்கிறார்கள். விருந்து 28ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, நண்பகல். முதல் மேசையில், என் இடப்பக்கம் உங்கள் இருக்கை. உங்கள் முன்னே பகலில் இறைச்சி வைக்கப்படாது. அந்த இருக்கை காலியாக இருந்தால், வந்தவர்கள் கேட்கும்போதெல்லாம் நான் பொய் சொல்ல வேண்டிவரும். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. வந்து சேருங்கள்.

கெங் ஹொங்ரு

*

யந்தாய்
4 மே 2019

அன்புச் சம்பந்திக்கு,

இதை நானே என் கையால் எழுதுகிறேன். மாத்திரை வேலை செய்கிற நல்ல நேரம் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். கோடு போட்ட தாளில் எழுதினால் எழுத்து சிறுக்காது என்று டாக்டர் சொன்னார். குய்லான் மீன் வாங்கப் போயிருக்கிறாள். ஆகவே இந்தக் கடிதத்தில் அடைப்புக்குறிகள் இல்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து என் இடது தோளில் பால் வாடை போகவில்லை. கோட்டைத் துவைக்கப் போட விடவில்லை நான்.

ஹாய்போ பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்ல வேண்டும். மேடையில் நான் சொல்லி முடித்து வந்து உட்கார்ந்ததும் அவன் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டான். அடுத்த மேசையிலிருந்து இறாலை இழுத்து, தோலை உரித்து உரித்து என் கிண்ணத்தில் வைத்தான். சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் அவனுக்கு உரித்துக் கொடுப்பேன். கிண்ணம் நிறைந்துவிட்டது. “டேய், இது இப்ப எனக்கு ஆகாதுடா. ராத்திரிக்கு எடுத்து வை,” என்றேன். அதற்குச் சிரித்தான் பாருங்கள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். வேலையை விடவில்லை. ஆனால் தினமும் போன் செய்து, “கறி எப்ப சாப்பிட்டீங்க, மாத்திரை எப்ப போட்டீங்க?” என்று அதட்டுகிறான். நீங்கள் தேவலை. நீங்கள் கடிதத்தில் மட்டும்தான் அதட்டுகிறீர்கள்.

புறப்படுவதற்கு முந்தின ராத்திரி விடைபெற்றதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். சம்பந்தியம்மாவின் கொழுக்கட்டையை முதல் முறையாக நிம்மதியாகத் தின்றேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினால், ஷி அம்மாள் கதவைத் திறந்து, இந்த நேரத்தில் என்ன ரயில் என்று கேட்டாள். “பக்கத்துலதான்,” என்றேன்.

மூன்றாவது மூலையில், சைக்கிள் நிறுத்தியிருந்த இடத்தில், என் கால் ஒட்டிக்கொண்டது. கொழுக்கட்டை தன் வேலையைக் காட்டிவிட்டது. நீங்கள் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. என் முன்னால் வந்து உங்கள் காலைக் குறுக்கே வைத்தீர்கள். “தாண்டுங்க,” என்றீர்கள். தாண்டினேன். அடுத்த காலையும் வைத்தீர்கள். அதையும் தாண்டினேன். அப்புறம் என் கால் தானாக நடந்தது. கல்லூரி வாத்தியார் ஒருவர் இருட்டில் தன் பளபளப்பான ஷூவை எனக்கு வாசற்படியாக வைத்துக்கொண்டு பின்னோக்கி நடந்ததை ஷென்யாங்கில் வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நான் பார்த்தேன்.

சுற்றி வந்து கதவைத் தட்டினால், உள்ளேயிருந்து சம்பந்தியம்மா முகத்தில் சிரிப்பே இல்லாமல், “வாங்க சம்பந்தி. பயணமெல்லாம் சௌகரியமா?” என்றார்கள். நான் படியிலேயே உட்கார்ந்து சிரித்தேன். இந்தத் தடவை செய்தி முகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இவ்வளவையும் எழுதிய பிறகு உங்களை இனிமேல் சம்பந்தி என்று கூப்பிட என்னவோபோல் இருக்கிறது. உங்களைவிட மூன்று வயது மூத்தவன் நான். தம்பி என்று கூப்பிடலாமா?

தெஷுன்

*

ஷென்யாங்
10 மே 2019

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அது என்னைக் கனிந்த மனிதனாகச் சித்திரிக்க முயல்கிறது. மறுக்கிறேன். சைக்கிள்களின் அருகே நான் செய்தது டாக்டர் ஷியே சொல்லிக்கொடுத்த உத்தி. தரையில் ஒரு கோடு இருந்திருந்தால் அதைப் பயன்படுத்தியிருப்பேன். கோடு இல்லை, கால் இருந்தது.

இனி என் தரப்பு. விருந்தன்று நடந்தவற்றில் எனக்குள்ள ஆட்சேபங்களை மறைக்க விரும்பவில்லை. குழந்தையை உங்கள் கையில் கொடுத்தபோது நான் சுற்றியிருந்தவர்களைப் பார்க்கவில்லை, உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பாறைபோல் இருந்தது. எல்லாத் தாத்தாக்களையும்போல் ஒரு படம் எடுக்கும்வரை வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தருவீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் தரவில்லை. குழந்தையோடே மேடைக்குப் போனீர்கள். என் உரை உங்களுடையதற்குப் பின்னால் இருந்தது. நீங்கள் ஒலிவாங்கியைத் தொடக்கூட இல்லை. துறைமுகத்தில் நின்று பேசுகிறவர்போல் பேசினீர்கள். அச்சொற்களை நான் மனப்பாடம் செய்யவில்லை. ஆனால் மனத்தைவிட்டு அவை போகவில்லை.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தோதோ என்ற கப்பல் நூறு நாள் பயணத்தை நலமாக முடித்துக் கரை வந்து சேர்ந்திருக்கிறது. அதைத் தூக்கி வைத்திருக்கும் துறைமுகத்துக்குப் பார்கின்சன் என்று ஒரு சின்ன நடுக்கம் உண்டு. மருந்து சாப்பிட்டு வருகிறது. பயணிகள் பயப்பட வேண்டாம். ஹாய்போ, மகனே, உனக்கு இதைத் தாமதமாக அறிவிப்பதற்கு வருந்துகிறோம்.”

சமையற்கட்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். என் மகள் அழுதாள். உங்கள் மகன் நின்ற இடத்திலேயே நின்றார். பெய்ஜென் கைதட்டத் தொடங்கினாள்; பிறகு எல்லாரும் தட்டினார்கள்; அந்த ஓசைக்குப் பயந்து அழ வேண்டிய குழந்தை உங்கள் தோளில் தூங்கிப்போனாள். அதன்பின் என்னை மேடைக்கு அழைத்தார்கள். என்னிடம் மூன்று நகைச்சுவைகள் இருந்தன. மூன்றையும் கவனமாகச் சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை, எல்லாரும் தம் பக்கத்து இருக்கைக்காரரின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். என் வாழ்நாளின் மிகச் சிறந்த உரை அப்படியே வீணாயிற்று. அதில் எனக்கு வருத்தமில்லை என்பதை நானே வியப்போடு கவனித்தேன்.

மே முதல் நாள் காலை ரயில் நிலையத்தில் நீங்கள் நடந்துகொண்ட விதமும் சரியில்லை. நுழைவாயிலில் நிற்பீர்கள், காலைக் குறுக்கே வைக்க வேண்டும் என்று ஆயத்தமாக முன்னே போய் நின்றேன். நீங்கள் என்னைத் தாண்டிப் போனீர்கள். உங்கள் பெட்டியும் குய்லான் அம்மையாரின் பையும் என் கையில். நீங்கள் வெறுங்கையோடு கூட்டத்தில் மறைந்துவிட்டீர்கள். மூச்சிரைக்க ஓடி வந்து ரயில் பெட்டியின் வாசலில் கொடுத்தேன். நீங்கள் சன்னல் வழியே கையசைத்தது எந்தக் கை என்று கவனித்தீர்களா? வலது கை. நான் கவனித்தேன்.

டாக்டர் ஷியேயிடம் மீண்டும் போனேன். இம்முறை நண்பருக்காக என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. இனி வரும் ஆண்டுகளைப் பற்றிக் கேட்டேன். மருந்து நெடுங்காலம் உதவும் என்றார். ஆனால் நோய் நின்றுகொண்டிருக்காது. மருந்து நன்றாக வேலை செய்யும் நேரங்கள் சுருங்கலாம், அளவையும் வேளையையும் அவ்வப்போது மாற்ற வேண்டியிருக்கும், புதிய தொல்லைகள் வரலாம் என்றார். இவை உங்களுக்கும் தெரிந்திருக்கும். நீங்கள் எனக்கு எழுதவில்லை. பால் வாடையைப் பற்றி எழுதினீர்கள்.

தம்பி என்று அழைப்பது குறித்து: ஆட்சேபமில்லை. ஆனால் அந்த உறவு இலவசமாகக் கிடைக்காது. கீழ்க்கண்டதை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் உடம்பில் எது மாறினாலும், கை, கால், குரல், தூக்கம், மருந்தின் வேளை எதுவாயினும், நல்ல நாள் பார்த்துக்கொண்டிராமல், குய்லான் அம்மையாருக்கு அடுத்தபடியாக அதை முதலில் அறிகிறவன் நானாக இருக்க வேண்டும். மேடையில் அறிவிப்பாக நான் கேட்கக் கூடாது. இருபது மேசைகளோடு சேர்ந்து கேட்கக் கூடாது. என்னால் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை என்றாலும் எழுத வேண்டும். ஒன்றும் செய்ய முடியாத இடத்தில் கோபப்படவாவது ஒருவன் வேண்டும். அதில் எனக்குப் பயிற்சி இருக்கிறது.

உங்கள் சம்மதம், உங்கள் கையெழுத்துடன், மே மாதம் 25ஆம் தேதி சனிக்கிழமைக்குள் என் கைக்கு வந்து சேர வேண்டும், அண்ணே.

கெங் ஹொங்ரு